ஏரிக்கரைக்கு எதற்கு ஸ்பீக்கர்?

வாரம் முழுக்க ஹாரன் சத்தத்தில் காய்ந்துபோன காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றுதான், விடுமுறை நாளில்கூட இருட்டிலேயே எழுந்து நகரத்தைத் தாண்டி ஏரியும் காடுமாக இருக்கிற ஒரு பூங்காவுக்குப் போகிறேன். அங்கேயும் நிம்மதியாக விடமாட்டேன் என்கிறார்கள்.

இன்று காலை தண்ணீர்மேல் சாய்ந்திருந்த ஒரு கிளையில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. இருபது நிமிடம் கால் மரத்துப்போகிற வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைச் சாய்த்து, தண்ணீரையே குறிவைத்து, இதோ பாயப்போகிறது என்கிற நேரத்தில் பின்னாலிருந்து டம் டம் டம்! நான்கு பேர், ஒருவர் முதுகுப்பையில் புளூடூத் ஸ்பீக்கர் தொங்குகிறது. பறவை போயே போய்விட்டது. அவர்கள் ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று கேட்டேன். "இது பொது இடம்தானே?" என்கிறார். ஆமாம், பொது இடம். அதனால்தானே கேட்கிறேன்! உங்கள் வீட்டுக்குள் வைத்திருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்?

கொஞ்சமாகத்தான் வைத்தோம் என்று வேறு சொல்கிறார்கள். ஏரியில் கொஞ்சம் என்பதே கிடையாது. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே இருப்பது வெதுவெதுப்பாகவும் இருக்கிற நேரங்களில், மேலே போகிற ஒலி வளைந்து மறுபடி கீழேயே வரும். நடுவில் தடுக்க ஒரு மரம்கூட இல்லை. எதிர்க்கரையில் இருப்பவருக்கும் அதே டம் டம்தான்.

அப்புறம், அங்கேயே குடியிருக்கிற உயிர்கள்? நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் பட்டாணிக்குருவிகளைக் கவனித்து 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. இரைச்சலான இடத்தில் இருப்பவை கீழ் சுருதிகளை விட்டுவிட்டு உயர்ந்த சுருதியில் பாடுகின்றனவாம். நகரத்து வண்டிச் சத்தத்துக்கே அந்த நிலைமை. காட்டுக்குள்ளும் நாம் இரைச்சலைச் சுமந்துகொண்டு போனால் அவை எங்கேதான் போகும்?

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள். 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டினால் விதிமீறல். அதற்குக் குறைவாக இருந்தாலும் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றால் தவறுதான். நான் போகிற இடத்தில் "அமைதி காக்கவும்" என்று துருப்பிடித்த பலகை ஒன்று நிற்கிறது. சரி, பலகை வைத்தாயிற்று, மீறினால் தட்டிக்கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டாமா?

பாட்டே கேட்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேளுங்கள். பூங்காவை நடத்துகிறவர்களே, ஸ்பீக்கரோடு வருகிறவரிடம் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது கொடுத்துவிடுங்கள். இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், ஓர் அலமாரி போதும்.