14ஆம் நாள் கணக்கும் அவசரச் சோதனையும்

"மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாளில்தான் முட்டை வெளிவரும், மற்ற நாட்களில் பயமில்லை, உறவு கொண்ட மூன்றாம் நாளே சிறுநீரில் கர்ப்பம் தெரிந்துவிடும்." திருகோணமலையில் வட்ஸ்அப்பில் சுற்றும் இச்செய்தியின் இரண்டு பகுதிகளும் பிழை.

முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன். 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சியில் அது 14ஆம் நாள்; 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாளை ஒட்டி வரும். மன அழுத்தம், காய்ச்சலாலும் தள்ளிப்போகும். முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். விந்தணுவோ 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே முட்டை வெளிவருமுன் கொண்ட உறவிலும் கரு உண்டாகலாம். 14ஆம் நாள் கணக்கை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கரு கருப்பையில் ஒட்ட 6 முதல் 10 நாள் ஆகும். அதன் பிறகே, சோதனையில் கர்ப்பத்தைக் காட்டும் எச்.சி.ஜி. ஹோர்மோன் சுரக்கும்; மூன்றாம் நாளில் சோதனைப் பட்டி காட்ட எதுவுமே இல்லை. மாதவிடாய் தவறியபின், காலையின் முதல் சிறுநீரில் சோதியுங்கள். சுழற்சி ஒழுங்கற்றதென்றால் கடைசி உறவிலிருந்து 21 நாள் பொறுங்கள். பொதியில் சொன்ன நிமிடங்களுக்குள் பாருங்கள். பிந்தித் தெரியும் மங்கல் கோடு சிறுநீர் காய்ந்த தடமாகவும் இருக்கலாம். 'இல்லை' என்று வந்தும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரத்தில் திரும்பச் செய்யுங்கள்.

'உண்டு' என்றால் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் பதியுங்கள். அடிவயிற்றில் ஒருபக்கக் கடும்வலி, இரத்தக்கசிவு, மயக்கம் இருந்தால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.