ஆளுங்கட்சிக்காரர் கேள்வி கேட்டால் என்ன தப்பு?

வாயைத் திறந்தால் வடிகால், மூடினால் தெருவிளக்கு என்று நம் மொரீசியஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைக் கிண்டலடித்த படம் சுற்றிச் சுற்றி என் பக்கத்துக்கும் வந்துவிட்டது. அவர் ஆளுங்கட்சிக்காரர். சொந்த அரசாங்கத்தின் அமைச்சர்களிடமே ஒரே செவ்வாய்க்கிழமையில் குடிநீர்க் குழாய், பள்ளிக்கூட ஆசிரியர், ஆஸ்பத்திரி மருந்து, மழைநீர் வடிகால் என்று வரிசையாகக் கேள்வி கொடுத்திருக்கிறார். கீழே வந்த கருத்துகள் இரண்டே ரகம். 'இவருக்கு வேறு வேலை இல்லையா' என்பது ஒன்று. 'மந்திரி பதவி கிடைக்காத கோபம்' என்பது இன்னொன்று.

அவரை எனக்குத் தெரியாது. அவர் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டேனா என்பதும் இங்கே வேண்டாத பேச்சு. ஆனால் அந்தப் பட்டியல் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுக் கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் நம் அவையின் நிலைமை. 2024 நவம்பர் தேர்தலில் மொரீசியஸ் தீவின் 60 இடங்களும் ஒரே கூட்டணிக்குப் போயின. ரொட்ரிக்ஸ் தீவின் 2 இடங்கள் தனிக் கதை. இது நமக்குப் புதிதும் அல்ல. 1982-இல் ஒரு தடவை, 1995-இல் ஒரு தடவை இதே 60-0 நடந்திருக்கிறது. தோற்ற வேட்பாளர்கள் சிலருக்கும் இடம் கொடுக்கும் பெஸ்ட் லூசர் முறையில் உள்ளே வந்த ஜோ லெஜோங்கார்தான் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அவர் பக்கத்தில் உட்கார ஆளே கிட்டத்தட்ட இல்லை. இத்தனை அமைச்சகங்களை அந்த ஓரிருவர் எப்படிக் கண்காணிப்பார்கள்? தூங்காமல் வேலை செய்தாலும் முடியாது.

அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? பிரதமர், அமைச்சர்கள், ஜூனியர் மினிஸ்டர்கள் போக ஆளுங்கட்சியின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அவர்களும் வாயைத் திறக்கக்கூடாது என்றால் செவ்வாய்க்கிழமை எதற்கு அவையைக் கூட்டவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நம் ஆட்கள் பலரும் பார்ப்பது பி.என்.கியூ. (Private Notice Question) எனப்படும் எதிர்க்கட்சித் தலைவரின் கேள்வியை மட்டும்தான். பதினொன்றரைக்கு அவை கூடும். எதிர்க்கட்சித் தலைவர் அன்று காலையில் கொடுத்த கேள்விக்கு அமைச்சர் அன்றே எழுந்து பதில் சொல்லவேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரம் சூடாக ஓடும். 2017-இல் நேரலை வந்த பிறகு அது பாதி நாடகமாகவும் ஆகிவிட்டது. கேள்வி ஆங்கிலத்தில், சண்டை பிரெஞ்சில், வெளியே வந்து மைக் முன்னால் விளக்கம் கிரியோலில். அது முடிந்தபின் பிரதமருக்கான கேள்விகள், அப்புறம் மற்ற அமைச்சர்களுக்கான கேள்விகள். நாம் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் நேரம். நான் பேச வந்தது அந்த நேரத்தைப் பற்றித்தான்.

நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். பல வருஷம் ஓர் அமைச்சகத்தில் இந்தப் பதில்களுக்குக் குறிப்புத் தயாரிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த அமைச்சகம், எந்த அமைச்சர் என்பதெல்லாம் வேண்டாம். வேலை எப்படி நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

ஒரு கேள்வித்தாள் வந்து விழுந்தால் அலுவலகத்தின் நடையே மாறிவிடும். 'இன்ன விஷயம் குறித்து, அவையின் நன்மைக்காக, இன்ன வாரியத்திடமிருந்து தகவல் பெற்றுத் தெரிவிப்பாரா' என்றுதான் கேள்வியின் வாசகம் இருக்கும். நாங்கள் வாரியத்துக்கு ஃபோன் போடுவோம். அதுவரை 'அது பரிசீலனையில் இருக்கிறது' என்று எங்களுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்த பொறியாளர், தூசி படிந்த ஃபைலைத் தேடி எடுப்பார். ஒப்பந்தக்காரர் எப்போது வேலையை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், அபராதம் போடப்பட்டதா என்றெல்லாம் அப்போதுதான் யாரோ ஒருவர் கணக்குப் பார்ப்பார். சில சமயம் செவ்வாய்க்கிழமை வருவதற்குள் அந்தத் தெருவில் ஜேசிபி வந்து நின்றுவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமைச்சர் எழுந்து 'பணிகள் மீண்டும் தொடங்கியுள்ளதாக எனக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது' என்று படிப்பார். பொய் இல்லை. தொடங்கியது முந்தின நாள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அந்த ஒரு பக்கப் பதிலுக்குப் பின்னால் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். துணைக் கேள்வி வந்தால் என்ன சொல்வது என்பதற்கான குறிப்புகள் அதில். எங்களுக்கு யாரைக் கண்டால் பயம் தெரியுமா? மேசையைத் தட்டி வசனம் பேசுபவரைக் கண்டு இல்லை. வசனத்துக்கு வசனம் சொல்லிவிடலாம், அமைச்சர்கள் அதில் கெட்டிக்காரர்கள். பயமெல்லாம் அந்த வட்டாரத்திலேயே வாழ்கிற, தெருப் பெயர் தெரிந்த உறுப்பினரைக் கண்டுதான். 'எந்தத் தேதியில் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது, எவ்வளவுக்கு, இன்றுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டு, 'கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பகுதி அந்தத் திட்டத்தில் இருந்ததே, அது ஏன் விடுபட்டது' என்று அமைதியாக இன்னொன்று கேட்பார். ஃபைலில் அதற்குப் பதில் இருக்காது. அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரராக இருப்பார் என்பதுதான் வேடிக்கை.

தப்பிக்கும் வழிகளும் உண்டு. 'இதற்குத் தனியாக ஒரு கேள்வி கொடுங்கள்' என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது. நூலகத்தில் வைக்கப்படும்' என்பது. நூலகம் என்றால் நீங்களும் நானும் உறுப்பினர் அட்டையோடு போகிற நூலகம் இல்லை, நாடாளுமன்றத்தின் நூலகம். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ தடவை தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் அதன் ருசி எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையைச் சொன்னால் புதன்கிழமை பத்திரிகையில் வரும். நூலகத்துக்குப் போனால் வராது, அவ்வளவுதான் விஷயம். பிறகு அதைத் தேடிப் போய்ப் படித்துச் செய்தி போடும் நிருபர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேள்வி கேட்ட உறுப்பினரே போய்ப் பார்த்தாரா என்பதும் சந்தேகம்தான்.

அப்புறம் அவையில் பேசியதெல்லாம் அச்சாகும் ஹன்சார்டைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி இருக்கிறது: இன்ன எண் கேள்வி திரும்பப் பெறப்பட்டது. காரணம் இருக்காது. கொடுத்தவர் ஏன் திரும்பப் பெற்றார்? நேரம் போதவில்லையா, சளி பிடித்ததா, யாராவது தோளில் கைபோட்டு 'விட்டுவிடுப்பா' என்றார்களா? நேரம் இல்லாமல் விடுபட்ட கேள்விகளுக்காவது எழுத்துமூலப் பதில் வந்து ஹன்சார்டின் கடைசியில் அச்சாகும். திரும்பப் பெறப்பட்ட கேள்விக்கு அந்தக் கதியும் இல்லை. என்னைக் கேட்டால் கேள்வி கொடுத்தவரைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டு, திரும்பப் பெற்றவரைப் பிடித்துக் காரணம் கேட்கவேண்டும்.

இதற்கு இவ்வளவு அலட்டல் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் உறவினர் ஒருவர் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டு, தன் தெருச் சாலைக்கு எவ்வளவு செலவானது என்று கேட்கமுடியும். அதற்கு வழிசெய்யும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியாவில் 2005-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அதற்கும் முன்னால், 2000-இலேயே வந்துவிட்டது. நமக்கு? 2014-இல் ஜெயித்தவர்களின் தேர்தல் அறிக்கையில் இருந்தது. ஜெயித்தார்கள், பத்து வருஷம் ஆண்டார்கள், சட்டம் வரவில்லை. ஆக, ஒரு சாதாரண மொரீசியஸ் குடிமகன் அரசாங்கத்தின் வாயிலிருந்து ஓர் எண்ணிக்கையை வரவழைக்கவேண்டுமென்றால், அவனுக்காக ஓர் உறுப்பினர் செவ்வாய்க்கிழமை எழுந்து நிற்கவேண்டும். கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வரும்தான். ஆனால் அது வரும்போது பணம் போய் வெகு நாளாகியிருக்கும்.

வடிகால் கேள்வி சின்னக் கேள்வி என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. 2013 மார்ச் 30 ஞாபகம் இருக்கிறதா? சிறிது நேரத்தில் கொட்டிய மழையில் போர்ட் லூயிஸில் 11 பேர் செத்தார்கள். அங்கே கோடான் பகுதியில் சுரங்கப் பாதைக்குள் தண்ணீர் புகுந்து ஆட்கள் மூழ்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஆளாளுக்கு வடிகால் பற்றிப் பேசினார்கள். வடிகால்களுக்கென்று தனி ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது 2017-இல். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அதே தலைநகரில் கார்கள் மறுபடியும் மிதந்தன. இடையில் எத்தனை வடிகால் கட்டினார்கள், எங்கே கட்டினார்கள், அது எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது, மேலே குன்றுச் சரிவில் வீடுகட்ட அனுமதி கொடுத்தவர் யார் என்று கேட்பது தெருச் சண்டையா? உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லையா?

தண்ணீரும் அப்படித்தான். 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் என்று 2014-இல் சொன்னார்கள். இன்னமும் பல வீடுகளில் கூரைமேல் டாங்கி இல்லாமல் காலம் தள்ளமுடியாது. சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீரில் பாதிக்கு மேல் பழைய குழாய்களில் கசிந்தும் கணக்கில் வராமலும் போகிறது. மார் ஓ வாக்வாஸ் நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் இறங்கினால் நம்மைப் பார்த்துத் தோட்டத்துக்கு ஊற்றாதே என்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றினீர்கள் என்று மாதாமாதம் ஒருவர் கேட்டால் அதில் என்ன அலுப்பு? நான் மந்திரியாக இருந்தால் எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் மந்திரி இல்லையே.

நம் தமிழர் விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசக் காவடிக்குக் கோயிலுக்கு வராத அரசியல்வாதி உண்டா? மாலை வாங்கிக்கொள்கிறார்கள், தமிழ் உலகின் மூத்த மொழி என்கிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழின் இடம் மாறிவிட்டது என்று ஊரே திரண்டது. வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. அது சரியான போராட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனை ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் வகுப்பு உண்மையிலேயே நடக்கிறது, எத்தனை இடங்களில் ஆசிரியர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது, பத்து வருஷத்துக்கு முன் எத்தனை பிள்ளைகள் தமிழ்த் தேர்வு எழுதினார்கள், இப்போது எத்தனை பேர் என்று பள்ளிவாரியாக ஒரு கேள்வி கொடுக்கச் சொல்லி நம் சங்கங்களில் எத்தனை சங்கம் தன் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கும்? நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் நம் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் முகத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எல்லாக் கேள்வியும் நல்ல கேள்வி என்று நான் சொல்லவில்லை. 'மாண்புமிகு அமைச்சர் தமது அமைச்சகம் எடுத்துள்ள நடவடிக்கைகளை விளக்குவாரா' என்று சாமரம் வீசும் கேள்விகள் எல்லா ஆட்சியிலும் உண்டு. அமைச்சகத்திலேயே கேள்வியும் பதிலும் சேர்த்து எழுதப்படுகிறவை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கேள்வியில் தேதியோ தொகையோ ஒப்பந்தக்காரர் பெயரோ கேட்கப்பட்டிருக்காது. பதில் மட்டும் நீண்டுகொண்டே போகும், அதற்குப் பின்னால் காத்திருக்கும் உண்மையான கேள்விகளின் நேரத்தைச் சாப்பிட்டுவிடும். அந்த மாதிரிக் கேள்வி கேட்பவரை வேண்டுமானால் படம் போட்டுக் கிண்டல் செய்யுங்கள், நானும் பகிர்கிறேன்.

கட்சிக்கு விசுவாசம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். வரவுசெலவுத் திட்டத்துக்குக் கட்சியோடு ஓட்டுப் போடட்டும். ஆனால் 2025 ஜூனில் முதியோர் ஓய்வூதிய வயதை 60-லிருந்து படிப்படியாக 65 ஆக்குவோம் என்று அறிவித்தார்களே, அதில் கட்டடக் கூலிக்காரர், கரும்புத் தோட்டத்து அம்மா, வீட்டுவேலை செய்பவர் எத்தனை பேர் எத்தனை வருஷம் காத்திருக்கவேண்டும் என்ற கணக்கைக் கேட்கவேண்டிய முதல் ஆள், அந்த வீட்டு வாசல்களில் நின்று ஓட்டுக் கேட்டவர்தான். அப்புறம், உள்ளே கேள்வி கேட்க விடாத கூட்டணிகளின் கதையும் நமக்குத் தெரியாததா? 1982-இல் 60-0 வாங்கிய கூட்டணி மறு வருஷமே உடைந்தது. 1995-இல் வாங்கியது 1997-இல் உடைந்து, துணைப் பிரதமராக இருந்த பால் பெரான்ஜே எதிர்வரிசைக்குப் போனார். எதிர்க்கட்சியே கிட்டத்தட்ட இல்லாத அவையில் கடைசியில் எதிர்க்கட்சி ஆளுங்கட்சிக்குள்ளிருந்துதான் வந்தது. அப்படி வெடித்துக்கொண்டு வருவதைவிட வாரத்துக்கு நாலு கேள்வியாக வந்தால் எல்லாருக்கும் நல்லது, அமைச்சர்களுக்கும் சேர்த்துத்தான்.

வெறும் பேச்சோடு நிற்கக்கூடாது என்று நானும் எங்கள் தொகுதியின் மூன்று உறுப்பினர்களுக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் தெருக்கோடி வடிகாலுக்கு ஒப்பந்தம் கொடுத்த தேதி, தொகை, முடியவேண்டிய நாள். பக்கத்துப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இடம் காலியான தேதி. சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய் மாத்திரை எந்தெந்த மாதம் தீர்ந்துபோனது. பழைய கேள்வித்தாள்கள் இருந்த வாசகத்திலேயே எழுதிக் கொடுத்தேன், அவர்களுக்கு வேலை மிச்சம். முதலாமவரிடமிருந்து பதிலே இல்லை. இரண்டாமவரின் உதவியாளர் 'கிடைத்தது, நன்றி' என்று எழுதினார். மூன்றாமவர் இளைஞர், ஃபோனிலேயே கூப்பிட்டுவிட்டார். 'அங்கிள், அமைச்சர் நம்ம ஆள்தானே, இதையெல்லாம் கேள்வியாகக் கொடுப்பானேன், நேரிலேயே கேட்டுச் சொல்லிவிடுகிறேனே' என்றார். நல்ல பையன், சந்தேகமில்லை. தாராளமாக நேரிலும் கேளுங்கள் தம்பி, ஆனால் அது ஹன்சார்டில் வராது, அதனால் செவ்வாய்க்கிழமையும் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.