கல்லூரி அரபில் பேச்சு வழக்குக்கு முதல் ஆண்டிலேயே இடம் வேண்டும்

கல்லூரிகளில் அரபு கற்பிக்கப்படும் முறையில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபை ஓரிரு ஆண்டுகள் தனியாகப் பயிற்றுவித்துவிட்டு, பேச்சு வழக்கைப் பின்னாளைய விருப்பப்பாடமாக ஒதுக்கிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் தொடர்கிறது. நூல்களும் செய்திகளும் மேடைப் பேச்சும் ஃபுஸ்ஹாவில் அமைகின்றன என்பது உண்மைதான். ஆனால் அதைத் தாய்மொழியாகக் கொண்டு வளரும் குழந்தை எங்கும் இல்லை. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளுள் அரபும் ஒன்று. எழுதுவது ஒன்றும் பேசுவது ஒன்றுமாக வாழும் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஃபுஸ்ஹாவின் இலக்கணம் நேரத்தை விழுங்கும் என்பதை மறுக்கவில்லை. ஒருமை, பன்மையோடு இரண்டை மட்டும் குறிக்கும் இருமையும் உண்டு. பன்மைகளில் பெரும்பகுதி சொல்லின் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்வதால் ஒவ்வொன்றையும் தனியே மனனம் செய்தாக வேண்டும். அச்சில் அ, இ, உ என்னும் குறில் ஒலிகளைக் காட்டும் குறிகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதால், வாக்கியத்தின் பொருளை ஓரளவு ஊகித்த பிறகுதான் அதைச் சரியாக வாசிக்கவே முடியும். ஹான்ஸ் வேர் என்பவர் தொகுத்த அரபு அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவதற்கும் முதலில் அதற்கு அடிப்படையான வேரெழுத்துகளைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். மதரஸா என்ற சொல் அங்கே மீம் எழுத்தின் கீழ் இராது, தால், ரா, ஸீன் என்னும் வேரின் கீழ்தான் இருக்கும். (இந்த வேர் அமைப்பு பிடிபட்ட பிறகு கிடைக்கும் மகிழ்ச்சி தனி.) அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு அரபு கற்பிக்க 88 வாரங்கள், ஏறத்தாழ 2200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. வாரம் 5 மணி வீதம் ஆண்டுக்கு 30 வாரங்கள் நடக்கும் கல்லூரி வகுப்பு நான்கு ஆண்டுகளில் 600 மணியைத்தான் எட்டும்.

நேரம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது பேச்சு வழக்கையும் சேர்ப்பது சுமையாகாதா என்று கேட்பார்கள். நேரம் குறைவு என்பதாலேயே சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். இன்றைய பேச்சு வழக்குகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட வேற்றுமை ஈறுகளுக்காக மாதக்கணக்கில் உழைத்த மாணவர், எதிரே பேசுபவரின் எளிய கேள்வி புரியாமல் விழித்தால் அடுத்த ஆண்டு வகுப்புக்கு எந்த ஊக்கத்தோடு வருவார்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1990களிலிருந்தே இரண்டையும் இணைத்துக் கற்பித்து வருகிறது. படிப்பதும் எழுதுவதும் ஃபுஸ்ஹாவில், உரையாடல் சிரியா, லெபனான் பகுதியில் பேசப்படும் லெவாண்ட் வழக்கில்.

எந்த வழக்கைத் தேர்வது என்ற தயக்கம் நியாயமானதே. மொராக்கோவின் பேச்சு ஈராக்கியருக்கு எளிதில் புரியாது. ஆயினும் ஆசிரியர் இயல்பாகப் பேசும் வழக்கு எதுவோ அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் காது பழகியவர் மற்றொன்றைப் பிடிப்பது எளிது. குர்ஆனையோ பழைய இலக்கியத்தையோ வாசிப்பதற்காக மட்டும் வருபவருக்கு இது தேவைப்படாது; அவர்களுக்குத் தனிப் பாடத்திட்டம் இருக்கட்டும்.

தேர்வு முறையும் மாற வேண்டும். ஒரு செய்திக் கட்டுரையை ஃபுஸ்ஹாவில் வாசித்துவிட்டு, அதைப் பற்றி ஆசிரியரோடு பேச்சு வழக்கில் உரையாடுவதற்கு எழுத்துத் தேர்வுக்கு நிகரான மதிப்பெண் தரப்பட்டால், வகுப்பறையில் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள்.