ரூபாய் சரிந்தால் பண்ருட்டிக்குக் கொண்டாட்டமா?

கடலூரில் நடந்த அந்தக் கருத்தரங்கின் காணொளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பது எனக்கு வந்த தனிச்செய்திகளிலிருந்தே தெரிகிறது. ஆகவே நடந்த எல்லாவற்றையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். பண்ருட்டி அருகே காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த, முந்திரித் தொழில் செய்யும் பெரியவர் எழுந்து, "டாலர் இப்படி ஏறிக்கிட்டே போனா நாங்க என்னங்க ஐயா பண்றது?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர், "நீங்க ஏற்றுமதி ஊர்க்காரர், உங்களுக்கு இது கொண்டாட்டம்தானே?" என்றார். டாலர் ஏறினால் ஏற்றுமதி செய்பவருக்கு அதிக ரூபாய் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தன் தொழிலின் கணக்கைத் தலைகீழாகப் பாடம் சொல்லத் தெரிந்த ஒரு மனிதர், பொருளாதாரம் அறியாதவராக அங்கே உட்காரவைக்கப்பட்டார்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாணயத்தின் மதிப்புக் குறைவதால் மட்டும் எந்த ஏற்றுமதித் தொழிலும் வளர்ந்துவிடாது; மூலப்பொருளையே டாலர் கொடுத்து வாங்கும் தொழில் நிச்சயமாக வளராது. முந்திரி அப்படிப்பட்ட தொழில். நம் மாவட்டத்தில் விளையும் கொட்டை நம் ஆலைகளுக்குப் போதாது. ஐவரி கோஸ்ட், பெனின், கானா, தான்சானியா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் நமக்கு வரும் மூட்டைகளுக்கெல்லாம் விலை டாலரில்தான் பேசப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள், புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஓர் ஆலை 100 டாலருக்குப் பருப்பு விற்கிறது, அதற்கான கொட்டையை 80 டாலருக்கு வாங்கியிருக்கிறது என்று கொள்வோம். டாலர் 80 ரூபாயாக இருக்கும்போது வரவு 8,000, கொட்டைக்குச் செலவு 6,400, மிச்சம் 1,600. டாலர் 90 ஆனால் வரவு 9,000, செலவு 7,200, மிச்சம் 1,800. ஆயிரம் ரூபாய் கூடுதலாக வந்ததென்று மேடையில் பேசுகிறார்கள். ஆலைக்காரர் கையில் நிற்பது இருநூறு. அந்த இருநூறும் டீசலுக்கும் வங்கி வட்டிக்கும் பங்கு கொடுத்த பிறகுதான் அவருக்கு. அதே பருப்பை உள்நாட்டில் விற்பவரின் நிலை இதைவிட மோசம். உலகிலேயே அதிகமாக முந்திரிப் பருப்பு உண்ணும் நாடு இந்தியா. நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் சிறு ஆலைகள் எல்லாமே சென்னைக்கும் வடமாநிலங்களுக்கும்தான் அனுப்புகின்றன. அங்கே விலை உடனே ஏறாது. வரவு 8,000-ஆகவே நிற்க, செலவு 7,200 ஆகி, மிச்சம் 800-ஆகப் பாதிக்கு வந்துவிடும். இந்த மனிதர்களிடமா கொண்டாடச் சொல்கிறீர்கள்?

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் குடும்பத்தின் முந்திரித் தோப்பு ஒரே காலைப்பொழுதில் படுத்துவிட்டது. பலாவும் போயிற்று. மரம் திரும்ப வளர்ந்து காய்க்க ஆண்டுகள் ஆகும் என்பதால், சொந்தக் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்த என் பெரியப்பா முதன்முறையாக ஆப்பிரிக்கக் கொட்டைக்கு ஒப்பந்தம் போட்டார். 2013 மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய் அளவில் இருந்தது. பணம் கட்டத் தவணை இருந்தது. அந்த மாதக் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்று சொன்னதும் வளரும் நாடுகளிலிருந்து முதலீடு வெளியேறத் தொடங்கியது. ஆகஸ்ட் இறுதியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டிற்று. ஒரு லட்சம் டாலர் சரக்குக்கு 54 லட்சம் என்று நினைத்தவர் 68 லட்சம் தேட வேண்டியதாயிற்று. வாஷிங்டனில் யாரோ பேசியதற்குப் பண்ருட்டியில் என் பெரியம்மாவின் நகை அடகுக்குப் போனது. முன்கூட்டியே டாலர் விலையைப் பூட்டிவைக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தம் என்ற ஒன்று இருப்பதைப் பெரியப்பா கடன் வாங்கியிருந்த வங்கி அவரிடம் சொல்லவே இல்லை.

"தனிக்கதையை வைத்துப் பொதுவிதியை மறுக்காதீர்கள், சீனாவைப் பாருங்கள்" என்று பலர் எழுதுவார்கள். பார்க்கிறேன். 1994-இல் சீனா, டாலருக்கு அரசு விகிதம் ஒன்று, சந்தை விகிதம் ஒன்று என்றிருந்த தன் இரட்டை மாற்று விகிதத்தை ஒன்றாக்கியது. பிறகு 2005 வரை டாலருக்கு ஏறக்குறைய 8.28 யுவான் என்று பிடித்துவைத்து ஏற்றுமதியைப் பெருக்கியது. நாணயத்தைச் சற்றுக் குறைவாக வைத்திருப்பது வளரும் நாடுகளின் வளர்ச்சிக்கு உதவுகிறது என்று டானி ராட்ரிக் போன்ற பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்து எழுதியிருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பேசுவது விலைவாசியைக் கழித்துப் பார்க்கும் உண்மை மாற்று விகிதத்தைப் பற்றி. டாலருக்கு எதிராக ரூபாய் பத்து விழுக்காடு இறங்கி, நம் நாட்டின் விலைவாசி அமெரிக்காவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக ஏறிவிட்டால், நம் பொருள் உலகச் சந்தையில் ஒரு காசும் மலிவாகவில்லை. அதோடு, சீனாவில் துறைமுகமும் மின்சாரமும் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். மலிவான யுவான் அந்த ஏற்பாட்டின் மேல்தான் வேலை செய்தது.

நம் தொழிலிலேயே சான்று இருக்கிறது. 2006 முதல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் உலகின் முதலிடம் வியட்நாமுக்கு. அவர்களும் கம்போடியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை வாங்கித்தான் உடைக்கிறார்கள். அவர்கள் நம்மை முந்தியதற்குக் காரணம் உடைப்பதற்கும் தோலுரிப்பதற்கும் தங்கள் நாட்டிலேயே இயந்திரம் செய்து, சிறு ஆலை வரைக்கும் கொண்டுசேர்த்தது. நாம் இறக்குமதிக் கொட்டைக்குச் சுங்க வரி போட்டுவிட்டு, 2018 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 5 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைத்ததைச் சலுகை என்று கொண்டாடினோம்.

அப்படியானால் ரூபாயை எப்பாடுபட்டாவது தாங்கிப் பிடிக்கச் சொல்கிறேனா என்று கேட்டால், இல்லை. இலங்கை 2022 மார்ச் வரை தன் ரூபாயை டாலருக்கு 200-க்குச் சற்று மேலே பிடித்துவைத்து டாலர் கையிருப்பைக் கரைத்தது; பிடியை விட்டதும் இரண்டே மாதங்களில் 360-ஐத் தொட்டது. வலிந்து உயர்த்திப் பிடிப்பதும் கேடு. எண்ணைப் பார்த்து மானம் போயிற்று என்று அழுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் ஒரு டாலருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட யென் கொடுக்க வேண்டும், அதனால் ஜப்பான் ஏழை நாடாகிவிடவில்லை. என் சண்டை சரிவைப் பரிசு என்று விற்பவர்களோடுதான். இந்தியாவில் 1966 ஜூன் 6 அன்று 4.76 ரூபாயாக இருந்த டாலரை 7.50 ஆக்கினார்கள். அடுத்தடுத்த வறட்சி, எதிர்பார்த்த அளவுக்கு வராத வெளிநாட்டு உதவி என்று ஏற்றுமதி எழவே இல்லை. 1991 ஜூலையில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது பலன் கிடைத்தது. அப்போது இறக்குமதி உரிம முறையையும் சேர்த்துத் தளர்த்தினார்கள். அதே மருந்து, வேறு வேறு விளைவு. இதை அந்த மேடையில் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

நமக்குக் கொட்டை அனுப்பும் ஐவரி கோஸ்டையும் பாருங்கள். பிரெஞ்சு பிராங்கோடு கட்டப்பட்டிருந்த அவர்களுடைய சிஎஃப்ஏ பிராங்க் என்ற நாணயத்தின் மதிப்பை 1994 ஜனவரியில் சரிபாதியாகக் குறைத்தார்கள். ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 கொடுத்தவர்கள் மறுநாள் 100 கொடுத்தார்கள். கோகோ ஏற்றுமதிக்கு நல்லதாயிற்று, வளர்ச்சி விகிதமும் சில ஆண்டுகள் உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் இறக்குமதி மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனவருக்கு என்ன ஆயிற்று என்பதை வளர்ச்சி விகிதம் சொல்லாது.

இங்கும் அதுதான் நடக்கிறது, எனக்கு வலிப்பதும் அதுதான். நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல். ரூபாய் சரிந்தால் பாமாயில் ஏறும், பேருந்துக் கட்டணமோ சரக்குக் கூலியோ ஏதோ ஒரு வழியில் ஏறும். கொட்டை உடைக்கும் பெண்களின் கூலி கிலோ கணக்கில், ரூபாயில். டாலர் 60-இலிருந்து 90-ஐத் தாண்டிய இத்தனை ஆண்டுகளில் எந்த ஆலையிலும் டாலர் ஏறியதற்காக அதை உயர்த்தி நான் கண்டதில்லை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடுமென்று விரல்களில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காரும் அந்தப் பெண்கள், நாட்டின் ஏற்றுமதிப் போட்டித்திறனுக்கான விலையைத் தங்கள் அடுப்பிலிருந்து கட்டுகிறார்கள். நாணயச் சரிவால் நம் பொருள் மலிவாகிறது என்றால், அதன் பொருள் இவர்களின் உழைப்பு மலிவாகிறது என்பதே. அதைத் தெரிந்தே ஒரு நாடு செய்யலாம். செய்துவிட்டு அவர்களையே கொண்டாடச் சொல்லக் கூடாது.

"நீ யார், பொருளாதாரம் படித்தவனா?" என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். வணிகவியல் படித்தேன், ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். படிப்பு போதாதென்றால் கணக்கில் எங்கே பிழை என்று காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். கேலி வேண்டாம்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. இறக்குமதிக் கொட்டை மீதான வரியை முழுதும் எடுக்கலாம். சிறு ஆலைகள் பலவற்றைச் சேர்த்து வங்கிகள் ஒரே ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டுத் தரலாம். தானே புயலில் விழுந்த தோப்புகளில் இன்னும் நடப்படாமல் கிடக்கும் நிலத்துக்கு ஒட்டுக்கன்றுகள் கொடுக்கலாம். இங்கே விளையும் கொட்டைக்கு டாலர் தேவையில்லை. ஆலை நடத்தும் நண்பர்கள் 2013, 2018, 2022 ஆண்டுகளில் கொட்டையை என்ன விலைக்கு வாங்கினீர்கள், பருப்பை என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவர்கள் உள்பெட்டியில் அனுப்பலாம். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக்கி, அந்தக் கருத்தரங்கை நடத்தியவர்களுக்கு என் பெயரிலேயே அனுப்புகிறேன்.