பொதுவான நன்றிக் கடிதம் போதுமா?
ஆண்டின் கடைசி வாரத்தில் ஊழியர் அனைவருக்கும் நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டு, புத்தாண்டு இலக்குகளைத் நிறுவனத் தலைவர்கள் அறிவிக்க வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் 18 ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, ஒரே வாசகத்துடன் எல்லோருக்கும் வந்த கடிதங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆனால் ஓர் ஆயுத பூஜையன்று, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும், எங்கள் மேற்பார்வையாளர் ஒவ்வொரு லேத் இயந்திரத்தின் அருகிலும் நின்று, அதை இயக்கியவர் அவ்வாண்டு கண்டுபிடித்துத் தடுத்த பிழை எது, இரவுப் பணியில் தனியாக முடித்த வேலை எது என்று பெயர் சொல்லிக் கூறியது இன்றும் நெஞ்சில் நிற்கிறது. மேலும், நம் நாட்டில் நிதியாண்டு மார்ச் 31 அன்றுதான் முடிகிறது என்பதால், டிசம்பரில் புதிய இலக்குப் பட்டியலைத் தருவதைக் காட்டிலும், மீதமுள்ள 3 மாதங்களில் எந்த வேலையை நிறுத்திவைக்கலாம் என்று அவர் தெளிவாகச் சொன்னதே எங்களுக்குப் பெரிதும் உதவியது.