சாரல் காலத்தில் தாகம் எடுக்காது

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் இரண்டே நாளில் ஊர் வேறு ஊராகிவிடும். "ஆனி மாசத்துலயும் வெயில் கொளுத்துதுக்கா" என்று மதுரையிலிருந்து தங்கச்சி போனில் புலம்புகிறாள். இங்கே முந்தாநாள் காயப்போட்ட துணி இன்னும் ஈரமாகக் கிடக்கிறது.

போன வருஷம் இதே நாட்களில்தான் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. அது சித்திரை வெயிலில் வருவது என்றே நினைத்திருந்தேன். டாக்டர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" கணக்குப் பார்த்தால் காலையில் ஒரு தம்ளர், மத்தியானம் ஒரு தம்ளர், மற்றதெல்லாம் டீ. தாகமே எடுக்கவில்லையே, பிறகு எதற்குக் குடிப்பது?

அங்கேதான் தப்பு. குளிர்ச்சி கூடும்போது தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் உள்பக்கம் கூடுகிறது. நீர் தாராளமாக இருக்கிறது என்று உடம்பு எண்ணிக்கொண்டு தாகத்தைக் குறைக்கிறது, சிறுநீரையும் அதிகமாக வெளியேற்றுகிறது. 'உடம்பு சொல்வதைக் கேள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் சாரல் காலத்தில் நாக்கு சொல்லாது. சிறுநீரின் நிறம்தான் சொல்லும். வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. டீத்தண்ணி மாதிரி கருத்தால் உடனே எழுந்து போய்க் குடிக்க வேண்டும். (சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கு அதனாலேயே மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.)

பசி வேறு விஷயம். இந்தக் காற்றுக்கு வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிரானூர் பார்டர் பக்கம் ராத்திரி போனால் புரோட்டாக் கல்லின் வாசனையே ஆளை இழுத்துவிடும். எனக்கும் பிடிக்கும். ஆனால் மறுநாள் காலையில் வயிறு கனத்துப்போய், பத்து மணிக்கும் பசி இல்லை என்றால், முந்தின ராத்திரி கேட்டது வாய்தான், வயிறு இல்லை.

எங்கள் அத்தை பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில். அந்தப் பக்கம் கர்க்கடகம் என்றால் கஞ்சி மாதம். நம் ஆடியும் அதுவும் ஒன்றேதான். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்ததாகத்தானே இருந்தது, பழக்கம் மலைக்கு இந்தப் பக்கமும் உண்டு. வெந்தயத்தை முதல் நாளே ஊறப்போட்டு, அரிசியோடு குழைய வேகவிட்டு, சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். "மழை நேரத்துல வயித்துத் தீ மந்தமா இருக்கும்ட்டி, அதுக்கு மேல விறகை அடுக்காத" என்பார்கள். இப்போது இந்தக் கஞ்சிக்கும் பாக்கெட் வந்துவிட்டது. எனக்கு அதில் விருப்பமில்லை. அத்தை போடும் எல்லாமே அடுப்படியில் இருக்கிற சாமான்கள்தானே? சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கஞ்சியும் சோறுதான் என்பதை மறக்காமல் அளவாகக் குடிக்கட்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இந்தச் சித்திரையில் கட்டிலிலிருந்து எழுந்தவுடன் இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்தார். வயசாகிவிட்டது என்று விட்டுவிடப் பார்த்தார். நான் விடவில்லை, கூட்டிக்கொண்டு போனேன். வெயில் காலத்தில் ரத்த அழுத்தம் பொதுவாகக் கொஞ்சம் இறங்கும், குளிரில் ஏறும் என்று சொல்லி, டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். மார்கழியில் மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். நாமாகக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடவே கூடாது. ஆனால் பருவம் மாறும்போது ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் இல்லையா? வயலில் எப்போது விதைப்பது என்று காற்றைப் பார்த்துச் சொல்கிற மனுஷர், தன் தலைசுற்றலை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இந்த வாரத்திலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு சீரக வெந்நீர் வைக்கிறேன். மத்தியானத்துக்குள் அது காலியாக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நேற்று நான் மறந்துபோனேன். அத்தை சொம்பை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார்கள்.