மூடிவைத்த பிரிண்டரின் அளவு எனக்கு எதற்கு?

எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கடப்பாக்கல் அலமாரி ஒன்று இருக்கிறது. ஒன்றேகால் அடி ஆழம், ஒன்றரை அடி அகலம், தட்டுக்குத் தட்டு ஓர் அடி உயரம். வாடகை வீடு என்பதால் கல்லில் கை வைக்க முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் கணக்குப் படிக்க வரும் இந்த வீட்டில் பிரிண்டருக்கு என்று நான் ஒதுக்கக்கூடிய இடம் அந்த ஒரே ஒரு தட்டுதான். அதில் அடங்குவதாக, தாளின் இரண்டு பக்கமும் தானாக அச்சடிப்பதாக ஒரு லேசர் பிரிண்டரை மூன்று வாரமாகத் தேடுகிறேன். வயிறு எரிகிறது.

இப்போது வைத்திருப்பதை வாங்கும்போதே ஏமாற்றப்பட்டேன். "இரண்டு பக்கமும் அச்சடிக்கும் டூப்ளெக்ஸ் வசதி இருக்கிறதா?" என்று கடையில் வாய்விட்டுக் கேட்டேன். "இருக்கிறது மேடம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து விவரத்தாளைப் பிரித்தால், டூப்ளெக்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மேனுவல்' என்று இருக்கிறது. அதாவது ஒரு பக்கத்தை மட்டும் அது அடித்துத் தரும். கட்டைத் திருப்பி மறுபடி செருகுவது என் வேலை. தாளைத் திருப்பிச் செருகுவது எந்தப் பிரிண்டரிலும் முடியும். நான் செய்யும் வேலையை அது தரும் வசதியாக எழுதி விற்க எப்படி மனம் வருகிறது?

போன ஐப்பசி மழையில் ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு பக்க வினாத்தாள், முப்பது பிரதி, அறுபது தாள். ஒரு பக்கம் அடித்து முடித்துக் கட்டைத் திருப்பிப் போட்டேன். ஈரக்காற்றுக்குத் தாள்கள் ஒட்டிக்கொண்டு, நடுவில் எங்கோ இரண்டு தாள் சேர்ந்தே உள்ளே போயிருக்கின்றன. அங்கிருந்து எல்லாம் ஒரு தாள் தள்ளிப்போனது. ஒன்றாம் பக்கத்தின் முதுகில் நான்காம் பக்கம், மூன்றாம் பக்கத்தின் முதுகில் இரண்டாம் பக்கம். தூக்கக் கலக்கத்தில் நான் கவனிக்கவில்லை. மறுநாள் தேர்வு தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், ஏழாவது கேள்விக்குப் பிறகு இருபத்திரண்டாவது கேள்வி வருகிறது" என்றாள். பாதித் தாள்கள் குப்பைக்குப் போயின. டோனர் என்கிற மைப்பொடியும் போனது. தேர்வும் அன்றைக்கு நடக்கவில்லை.

ஒரு பக்கம் மட்டும் அடித்துக்கொள்ளேன் என்று சொல்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 500 தாள் கொண்ட ஒரு ரீம், இரு பக்கமும் அடித்தால் எனக்கு எட்டு வாரம் வரும். ஒரு பக்கம் என்றால் நான்கு வாரம்.

சரி, தானியங்கி டூப்ளெக்ஸ் உள்ளதையே வாங்குவோம் என்று இறங்கினேன். இங்கேதான் என் கோபம் தலைக்கேறுகிறது. அகலம், ஆழம், உயரம் என்று மூன்று எண்களைப் போடுகிறார்கள். 36 சென்டிமீட்டர் ஆழம் என்கிறார்கள். என் தட்டு 38. அடடா, அடங்கிவிடும் என்று தோன்றும். அந்த 36 எல்லா மூடியும் மூடி, மின்கம்பியைக்கூடச் செருகாமல், சும்மா உட்கார்ந்திருக்கும் பிரிண்டரின் அளவு! பின்னால் செருகும் கம்பி வளைந்து திரும்பவே நான்கைந்து விரற்கடை வேண்டும். சில மாடல்களில் தாள் வைக்கும் தட்டே முன்பக்கம் கீழே விழுந்து திறந்து நிற்கும். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், அது எங்கே போய் இருக்கும்? லீகல் தாள் வைக்க வேண்டுமென்றால் தட்டை இன்னும் நீட்ட வேண்டும். சிலவற்றில் டோனரை மாற்ற மேல்மூடியைத் தூக்க வேண்டும். என் தலைமேல் இருப்பது கடப்பாக்கல்.

டூப்ளெக்ஸ் என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. முதல் பக்கம் அடித்ததும் தாள் பாதி வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே இழுக்கப்பட்டுத் திரும்பி வரும். அந்த வழியில் தாள் சிக்கினால் பல மாடல்களில் பின்மூடியைத் திறந்துதான் எடுக்க முடியும். பின்னால் சுவர்! ஒவ்வொரு முறை சிக்கும்போதும் ஏழெட்டுக் கிலோ பிரிண்டரைத் தட்டிலிருந்து தூக்கி இறக்கி, தாளை உருவி, மறுபடி ஏற்ற வேண்டுமா? சூடு வேறு. டோனர்ப் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பியூசர் 200 டிகிரி செல்சியசுக்குப் பக்கத்தில் கொதிக்கிறது. காற்றுப் போக இடம் விடுங்கள் என்று கையேட்டில் எழுதத் தெரிகிறது. எத்தனை விரற்கடை என்பதை வாங்குவதற்கு முன்பே பெட்டியின்மேல் அச்சடிக்கத் தெரியவில்லையா?

அச்சடிப்பதற்காகவே உருவாக்கிய பொருள் இது. அதை விற்பவர்களுக்கு இன்னும் இரண்டு வரி அச்சடிக்க மை இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

வேகத்திலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 30 பக்கம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது ஒருபக்க வேகம். இருபக்கம் என்றால் ஏறத்தாழப் பாதிதான் வரும். கூடவே தரும் டோனரும் பல மாடல்களில் பாதி நிரப்பியது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைக்குப் போகிறேன். கையில் அளவு நாடாவும் நூறு தாளும் கொண்டுபோவேன். சுவரை ஒட்டி வைக்கச் சொல்லி, கம்பியைச் செருகி, எல்லா மூடியையும் திறந்து அளப்பேன். என் நான்கு பக்க வினாத்தாளை அங்கேயே பத்துப் பிரதி இருபக்கமும் அடித்துக் காட்டச் சொல்வேன். இரண்டாம் பக்கம் ஒன்றாம் பக்கத்தின் முதுகில் வந்த பிறகுதான் பணம்.